கிராஃபிக்ஸ் பேப்பருக்கு எதில் தொடங்குவது: டிராஃப்டரா, மென்பொருளா, சோப்புக் கட்டியா?

என்ஜினீயரிங் சீட் உறுதியான வாரத்திலேயே வீட்டில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "முதல் வருஷம் கிராஃபிக்ஸ் பேப்பர் கஷ்டமாமே, இப்பவே ஆட்டோகேட் கிளாஸில் சேர்த்துவிடலாமா சார்?" பெற்றோர் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணனோ, "அதெல்லாம் வேண்டாம், ஒரு மினி டிராஃப்டர் வாங்கி ஷீட் போட்டுப் பழகு" என்கிறான். பலகையில் பொருத்தி இணைகோடும் செங்கோடும் இழுக்கும் கருவிதான் டிராஃப்டர். சீனியர்கள் வீடியோ லிங்க் அனுப்புகிறார்கள். பல வருடங்களாக இந்தப் பாடத்தை, அதாவது பொருள்களைப் பல பக்கத்திலிருந்து பார்த்து அளவோடு வரையும் என்ஜினீயரிங் கிராஃபிக்ஸை, நடத்துகிறவன் என்ற முறையில், இந்த வழிகளில் எது யாருக்கு, எந்த வரிசையில் என்று யோசித்து வைத்திருப்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வகுப்பறைக் காட்சி. ஹெச்.பி.க்கு, அதாவது தரைபோலக் கிடக்கும் தளத்துக்கு, சாய்வாக நிற்கும் ஒரு அறுகோணப் பிரமிடு. ஒரு மாணவி அழகாக வரைந்திருந்தாள். கோடெல்லாம் ஒரே கனம், எழுத்தெல்லாம் ஒரே உயரம், தெரியாத விளிம்புக்குச் சரியாக விட்டுவிட்டுப் போட்ட கோடு. மதிப்பெண் குறைக்க இடமே இல்லை. அலமாரியிலிருந்து மரப் பிரமிடை எடுத்து அவள் கையில் கொடுத்து, "நீ மறைகோடாகப் போட்டிருக்கிறாயே, அந்த விளிம்பு இதில் எது?" என்று கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காட்ட முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. அவள் படிக்காதவள் இல்லை. பதினெட்டுப் படிகளை வரிசை பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தாள். அந்தப் படிகள் ஒரு பொருளைப் பற்றியவை என்பதைத்தான் அவளுக்கு யாரும் காட்டவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பயிற்சி முறையை எடைபோட்டாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வரைவதற்கு முன்னால் மனசுக்குள் பார்த்தாக வேண்டும் என்று இந்த முறை கட்டாயப்படுத்துகிறதா, இல்லை பார்க்காமலேயே முடித்துவிட விடுகிறதா?

இந்தப் பாடத்தின் பிறப்பே அந்தக் கட்டாயத்தில்தான். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் இருந்த காஸ்பார் மோஞ்சிடம் ஒரு கோட்டைக்கான கணக்கைக் கொடுத்தார்கள். எதிரியின் குண்டு நேராக வந்து விழாதபடி மதிலை எங்கே, எந்த உயரத்தில் எழுப்புவது என்பதுதான் கேள்வி. நீண்ட எண் கணக்காகப் போட்டுவந்த வேலையை, ஒரே பொருளை மேலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்த இரண்டு படங்களை வைத்துக் கோடுகளாலேயே முடித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் முடியாது என்று அதிகாரிகள் முதலில் அதைப் பார்க்கவே மறுத்தார்களாம். பார்த்த பிறகு அதை ராணுவ ரகசியமாக்கிவிட்டார்கள். 1795-இல்தான் பாரீசில் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்த அவருக்கு வாய்த்தது. இன்று நம் பிள்ளைகள் போடும் கிடைத்தளமான ஹெச்.பி., செங்குத்துத் தளமான வி.பி., இரண்டும் சந்திக்கும் எக்ஸ்-ஒய் கோடு எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, "எனக்கு இமாஜினேஷன் வராது சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பிறவிக் குறையா? இல்லை என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

1971-இல் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சின்னச் சின்னக் கனசதுரங்களை ஒட்டிச் செய்த, கைபோல மடிந்த உருவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒரே உருவமா, இல்லை கண்ணாடி பிம்பமா என்று கேட்டார்கள். ஒன்றுக்கொன்று எத்தனை பாகை திரும்பியிருக்கிறதோ, பதில் வர அதற்கேற்ப நேரம் கூடிக்கொண்டே போனது. கிட்டத்தட்ட நேர்கோடாக. கணக்குப் பார்த்தால் மனசு ஒரு விநாடிக்குச் சுமார் 60 பாகை வேகத்தில் பொருளைத் திருப்புகிறது. அதாவது, மனசுக்குள் திருப்புவது என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை. நேரம் எடுத்துக்கொண்டு நடக்கும் ஒரு வேலை அது. வேலை என்றால் பழக்க முடியும் அல்லவா?

பழக்க முடியும். டேவிட் உட்டால் குழுவினர் 2013-இல் இந்தத் திறனுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த 217 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து அலசினார்கள். பயிற்சியின் பலன் சராசரியாக 0.47 திட்ட விலக்கம். புள்ளியியல் தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன்: நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளை, அதே நூறு பேரில் ஏறத்தாழ 68 பேரைத் தாண்டி நிற்கும் இடத்துக்கு வருகிறது. அந்தப் பலன் பயிற்சி முடிந்ததும் கரைந்துவிடவில்லை, பழகாத வேறு வகைக் கணக்குகளிலும் உதவியது என்றும் அவர்கள் கண்டார்கள். "வராது" என்று சொல்லும் பிள்ளையிடம் நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

இனி வழிகளுக்கு வருவோம்.

மினி டிராஃப்டர், ஷீட், பென்சில் என்பது நம் கல்லூரிகளின் இயல்பான வழி. இதன் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பலகையில் டிராஃப்டரை முடுக்கி, எக்ஸ்-ஒய் கோட்டை இழுத்து, ஒரு புள்ளியிலிருந்து செங்குத்தாக மேலே தூக்கும்போது அந்தப் புள்ளி இரண்டு படத்திலும் இருக்கும் ஒரே புள்ளி என்பது விரல்நுனியில் உறைக்கிறது. 2ஹெச் பென்சிலில் மெல்லிய கட்டுமானக் கோடு, ஹெச்.பி. (HB) பென்சிலில் அழுத்தமான வெளிக்கோடு என்ற பழக்கம், எது துணை, எது முடிவு என்று பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறது. அரை மில்லிமீட்டர் தவறினால் கடைசியில் படம் மூடாது. அப்போது எங்கே தவறினோம் என்று பின்னால் போய்த் தேட வேண்டும். அந்தத் தேடல் நல்ல ஆசிரியர்.

தேர்வும் இதில்தான் நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள் இருந்தன. வளைவரைகளும், கருவியில்லாமல் கையால் வரையும் ஃப்ரீஹேண்டும் ஒன்று, புள்ளி, கோடு, தளம் ஒன்று, திண்மங்கள் ஒன்று, வெட்டிய திண்மமும் விரித்த பரப்பும் ஒன்று, மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரியும் ஐசோமெட்ரிக்கும், தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரியும் பெர்ஸ்பெக்டிவும் ஒன்று. அலகுக்கு 20 மதிப்பெண், ஏ3 ஷீட்டில். கை வேகம் இல்லாதவருக்கு நேரம் போதாது. அதனால் டிராஃப்டரைத் தவிர்க்க வழியே இல்லை.

ஆனால் என் கேள்வியை இங்கே கேட்டுப் பார்த்தால், டிராஃப்டர் பார்க்கக் கட்டாயப்படுத்துவதில்லை. படிகளைப் பின்பற்றினால் சரியான படம் வந்துவிடும். அந்த மாணவியின் ஷீட் அதற்குச் சாட்சி. உருவத்தைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு டிராஃப்டர் துல்லியம் தருகிறது. பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு, பார்க்கத் தெரியாததை மூடி மறைக்க உதவுகிறது.

ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள் அடுத்த வழி. வேலை என்று வந்துவிட்டால் இது இல்லாமல் நடக்காது. மாணவர்களுக்கு ஆட்டோகேட் இலவசமாகக் கிடைக்கிறது, ஃப்ரீகேட் எல்லோருக்குமே இலவசம். ஒரு திண்மத்தைக் கட்டிச் சுழற்றிப் பார்ப்பதும், ஒரு தளத்தால் வெட்டி உள்ளே பார்ப்பதும் சில நொடி வேலை. பார்க்கவே ஆசையாக இருக்கும். பெற்றோர் கோடை விடுமுறையில் பணம் கட்டுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

எனக்கு இதில் உள்ள தயக்கம் வேறு மாதிரியானது. சுழற்றும் வேலையை யார் செய்கிறார்கள்? மனசு விநாடிக்கு 60 பாகை திருப்பிப் பழக வேண்டிய வேலையைத் திரை செய்துகொடுத்துவிடுகிறது. மாணவன் மவுஸை அழுத்தி உருட்டுகிறான், பொருத்தமான பக்கம் வந்ததும் நிறுத்துகிறான். அவன் எதையும் முன்கூட்டி ஊகிக்க வேண்டியதே இல்லை. மிஷிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி இதைப் பல வருடம் கவனித்துப் பார்த்தார். கையில் பிடிக்கும் மாதிரிகளை வைத்துக் கையால் ஸ்கெட்ச் போட்டுப் படித்தவர்கள், முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்து படித்தவர்களைவிட இந்தத் திறனில் கூடுதலாக முன்னேறினார்கள் என்பதே அவருடைய அனுபவம்.

அவருடைய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், நம் வகுப்புகளுக்கு அது அவ்வளவு பொருந்துகிறது. 1993-இல் சோர்பியும் பெவர்லி பார்ட்மன்ஸும் அங்கே முதல் வருட என்ஜினீயரிங் மாணவர்களுக்கு ஒரு திருப்பல் சோதனை வைத்தார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் குவே உருவாக்கிய, 30 கேள்விகள் கொண்ட சோதனை அது. 60 சதவீதமோ அதற்குக் கீழோ எடுத்தவர்களுக்கு உதவி தேவை என்று வைத்துக்கொண்டார்கள். சோதனை எழுதியவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உதவி தேவைப்பட்டவர்களிலோ பத்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். ஏன் என்று பார்த்தபோது, சின்ன வயதில் கட்டி விளையாடும் பொம்மைகள் கையில் கிடைத்ததா, முன்பு வரைபடப் பாடம் ஏதாவது படித்தார்களா என்பதெல்லாம் மதிப்பெண்ணோடு ஒட்டி வந்தது. அறிவில் குறையில்லை, பழக வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர்களுக்காகத் தொடங்கிய தனிப் பாடத்தைப் பிறகு ஒரே ஒரு கிரெடிட் பாடமாகச் சுருக்கி நடத்தினார். அதைப் படித்த பெண்கள் என்ஜினீயரிங்கை விட்டு விலகாமல் தொடர்வதும் கூடியது. நம் ஊரில் பயோ-மேத்ஸ் படித்துவிட்டு வரும் பெண்பிள்ளைகள் முதல் மாதத்திலேயே "மெக்கானிக்கல் எடுத்திருக்கக் கூடாதோ" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

அவருடைய பாடத்தில் மென்பொருளும் இருந்தது. ஆனால் மென்பொருளை மட்டும் பார்த்தவர்களைவிட, பயிற்சிப் புத்தகத்தில் கையால் வரைந்தவர்களுக்கே பலன் தெரிந்தது.

அப்புறம், வீடியோவும் கைடும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு குறிப்பிட்ட மாதிரிக் கணக்கை மீண்டும் பார்த்துக்கொள்ள வீடியோ பயன்படும். அதிலேயே தொடங்கினால், கேள்வியில் "அடிப்பக்க விளிம்பில் நிற்கிறது" என்பதற்குப் பதில் "அடிப்பக்க மூலையில் நிற்கிறது" என்று ஒரு சொல் மாறினாலே ஆள் நின்றுவிடுவான். டெட்ரிஸ் மாதிரியான விளையாட்டுகளும் இந்தத் திறனைக் கொஞ்சம் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் உண்டு. விளையாடுகிறவரைத் தடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் வழி: கையில் ஒரு பொருள், பக்கத்தில் ஒரு பென்சில், அளவுகோல் இல்லாத ஸ்கெட்ச்.

துணி துவைக்கும் பார் சோப்பு ஒன்று வாங்குங்கள். மெல்லிய நூலால் அறுத்து, ஓரளவு சமமான கனசதுரங்கள் ஒரு பன்னிரண்டு செய்துகொள்ளுங்கள். ஒரு தாளில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் எழுதுங்கள். 2 என்றால் அங்கே இரண்டு கட்டி அடுக்கு, 0 என்றால் காலி. இப்போது கட்டிகளைத் தொடாமல், இந்த அடுக்கு வலது முன் மூலையிலிருந்து எப்படித் தெரியும் என்று வரையுங்கள். வரைந்து முடித்த பிறகுதான் அடுக்க வேண்டும். அடுக்கிவிட்டு, மேசையின் அந்த மூலைப் பக்கம் போய் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, படத்தோடு ஒப்பிட வேண்டும். தவறியிருந்தால் அழிக்காதீர்கள். பக்கத்தில் சரியானதைப் போடுங்கள்.

இதில் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் ஊகம், பிறகு வரைதல், கடைசியில்தான் பொருள். பொருளை முதலில் அடுக்கிவிட்டால் அது வெறும் பார்த்து வரைதல் ஆகிவிடும், மனசு எதையும் திருப்பவில்லை.

மூலையிலிருந்து பார்த்து வரைய ஐசோமெட்ரிக் புள்ளித்தாள் வேண்டும். அதை அச்சிடக்கூட வேண்டாம். கோலத்தில் இடைப்புள்ளி வைப்பது போல, ஒரு வரிசைப் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளில் விழும்படி வைத்தால் அதுதான் ஐசோமெட்ரிக் தாள். அருகருகே உள்ள எந்த மூன்று புள்ளியும் சமபக்க முக்கோணம் ஆகிற மாதிரி இடைவெளி விட்டால் போதும். நேர்ப்புள்ளி வைத்தால் அது டாப் வியூ, ஃப்ரண்ட் வியூ வரையும் கட்டத்தாள். கோலம் போட்டுப் பழகிய ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அடுத்த வகுப்புக்கு நோட்டு முழுக்க இடைப்புள்ளி வைத்து வந்தாள். என்னைவிடச் சீராக வைத்திருந்தாள்.

டாப் வியூ ஏன் ஃப்ரண்ட் வியூவுக்குக் கீழே வருகிறது என்பதும் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம் இல்லை. ஒரு நோட்டைத் திறந்து, ஒரு பாதியை மேசையில் கிடத்தி, மறு பாதியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கிடப்பது ஹெச்.பி., நிற்பது வி.பி., நடு மடிப்பு எக்ஸ்-ஒய். சோப்புக் கட்டியைக் கிடக்கும் பக்கத்தின் மேல் வையுங்கள். முன்னாலிருந்து பார்ப்பது பின்னால் நிற்கும் தாளில் பதிகிறது, மேலிருந்து பார்ப்பது கீழே கிடக்கும் தாளில் பதிகிறது. இப்போது கட்டியை எடுத்துவிட்டு நிற்கும் தாளைப் பின்னால் படுக்க வையுங்கள். ஃப்ரண்ட் வியூ மேலே, டாப் வியூ கீழே. இந்தியத் தரநிலை சொல்லும் முதல் கோண முறை முழுவதும் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்றாம் கோண முறை என்பதால் அந்த ஊர் வரைபடத்தில் டாப் வியூ மேலே இருக்கும். பார்ப்பவருக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் கண்ணாடி இருப்பதாக நினைத்தால் அதுவும் தானாக விளங்கிவிடும்.

வெட்டிய திண்மத்துக்கு வாருங்கள். களிமண்ணில் நன்றாக அகன்ற ஒரு கூம்பு செய்து, அதைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் என்ன வடிவம் என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் முட்டை வடிவம் என்பார்கள். மேலே குறுகல், கீழே அகலம், ஆகவே முட்டை. நியாயமான ஊகம்தான். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரே 1525-இல் அந்த வளைவரையைக் கீழே பருத்த முட்டை போலத்தான் வரைந்தார், பெயரும் முட்டைக்கோடு என்றே வைத்தார். இப்போது கூம்பை, குயவர் சக்கரத்திலிருந்து பானையை அறுத்தெடுக்கும் நூல் போல ஒரு நூலை இழுத்துப் பிடித்து, பக்கத்துக்குப் பக்கம் சாய்வாக அறுங்கள். வெட்டுமுகத்தைத் தாளில் வைத்துச் சுற்றி வரையுங்கள். தாளைக் குறுக்கே மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். முட்டை இல்லை, சுத்தமான நீள்வட்டம். தன் ஊகம் தன் கையிலேயே திருத்தப்பட்ட பிள்ளை அதை மறப்பதே இல்லை. இதையே மென்பொருளில் ஒரு கிளிக்கில் பார்த்தவன் "ஓ, எலிப்ஸா" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவான்.

ஜப்பானில் இந்தத் துறைக்கு 1967-லிருந்து தனிச் சங்கமே இருக்கிறது. அங்கே இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் வெகுகாலமாகக் கையாளும் சோதனையும் இந்த வெட்டுதான். ஒரு திண்மத்தின் படமும் வெட்டும் தளமும் கொடுத்து, வெட்டுமுகம் ஐந்தில் எது என்று கேட்பார்கள். 25 கேள்விகள். முதலில் 1939-இல் அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக வந்தது. பொருளைத் திருப்புவதும் அதை வெட்டி உள்ளே பார்ப்பதும் மனசுக்குத் தனித்தனி வேலைகள் என்பதை என் வகுப்பிலும் பார்க்கிறேன். திருப்புவதில் கெட்டிக்காரன் வெட்டில் திணறுவான். ஆகவே சோப்பு அடுக்கோடு நிறுத்திவிடக் கூடாது.

பரப்பை விரிப்பதற்கு நல்ல ஆசிரியர்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஸ்வீட் கடையில் தட்டையாக வந்த அட்டையை இரண்டு தட்டுத் தட்டிப் பெட்டியாக்கும் கையைப் பாருங்கள். தகரத்தில் புனல் செய்பவர் வட்டத்தின் ஒரு துண்டை வெட்டிச் சுருட்டுகிறார். அடி ஆரம் 30 மில்லிமீட்டர், சாய்நீளம் 90 மில்லிமீட்டர் என்றால் வெட்டும் துண்டின் கோணம் 360-ஐ 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தது, 120 பாகை. எனக்கு மிகப் பிடித்தது தையல்காரர். ஜாக்கெட் கை என்பது தோள் பக்கம் சாய்வாக வெட்டிய ஒரு குழாய். அதைத் துணியில் விரித்து வரையும்போது நடுவில் மேடும் இரு ஓரமும் இறக்கமுமாக ஒரு வளைவு விழுகிறதே, அது சாய்வாக வெட்டிய உருளையைத் தேர்வுத் தாளில் விரித்தால் வரும் அதே அலை வளைவின் உறவு. ஒரு மாணவனின் அம்மா தையல்காரர். அலகு நான்கு புரியவில்லை என்றவனிடம், வீட்டில் போய் அம்மா கை வெட்டும்போது பக்கத்தில் உட்கார் என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு துணித் துண்டையே கொண்டுவந்து காட்டினான்.

கையை இவ்வளவு வலியுறுத்துவது என் விருப்பத்தால் மட்டும் இல்லை. 1998-இல் மார்க் வெக்ஸ்லர், ஸ்டீஃபன் கோஸ்லின், அலென் பெர்த்தோஸ் மூவரும், மனசுக்குள் ஒரு உருவத்தைத் திருப்பும் அதே நேரத்தில் கையால் ஒரு பிடியையும் திருப்பச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே திசையில் திரும்பினால் பதில் வேகமாகவும் தவறு குறைவாகவும் வந்தது. எதிர்த் திசை என்றால் தடுமாறியது. பிள்ளைகள் தேர்வறையில் வெறும் கையைக் காற்றில் திருப்பிக்கொண்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதைத் தடுக்காதீர்கள் என்று புதிதாக வரும் கண்காணிப்பாளர்களிடம் நானே சொல்வதுண்டு.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். துல்லியம் வராது. ஃப்ரீஹேண்டில் பழகியவன் டிராஃப்டருக்கு வரும்போது முதல் இரண்டு வாரம் மெதுவாக இருப்பான். வளைவரைகளுக்கு, அதாவது சைக்ளாய்டு, இன்வால்யூட் போன்றவற்றுக்கு, சோப்புக் கட்டியால் எதுவும் ஆகாது. அவை டிராஃப்டரும் பொறுமையும் கேட்பவை. ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் ஒவ்வொருவரின் ஸ்கெட்சையும் ஆசிரியர் பார்க்க முடியாது. இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் எண் எழுத மற்றவர் வரைந்து, பிறகு இருவரும் சேர்ந்து அடுக்கிச் சரிபார்க்கும்படி விட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ப்ளஸ் டூ முடித்து இரண்டு மூன்று மாதம் இருக்கும் பிள்ளைக்குச் சந்தேகமே வேண்டாம். சோப்பு, களிமண், புள்ளித்தாள், தினம் அரை மணி நேரம். ஆட்டோகேட் வகுப்புக்கு அந்தப் பணத்தை இப்போது கட்ட வேண்டாம், மூன்றாம் செமஸ்டரில் கட்டினால் இரட்டிப்புப் பலன். கட்டாயம் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நல்ல மினி டிராஃப்டர் ஒன்று, முடுக்கும் திருகு ஆடாததாகப் பார்த்து வாங்குங்கள்.

கல்லூரியில் சேர்ந்து செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் டிராஃப்டரை நிறுத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு கணக்கையும் ஷீட்டில் தொடங்கும் முன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்கெட்ச் போடுங்கள், பொருள் எப்படி நிற்கிறது என்று. இரண்டு நிமிடம் ஆகும். கடைசியில் வந்த படம் அந்த ஸ்கெட்சோடு ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

அரியர் வைத்து இன்னும் ஒரே மாதம் இருக்கிறது என்று வருபவரிடம் நான் நிறைய கேட்க மாட்டேன். திண்மங்களும் வெட்டும் வரும் இரண்டு அலகுகளுக்கு மட்டும் முதல் நான்கு நாள் களிமண். மீதி நாளெல்லாம் டிராஃப்டர், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. வீடியோவும் அப்போது பயன்படும், ஆனால் பாதியில் நிறுத்தி அடுத்த படி என்ன வரும் என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

டிப்ளமா முடித்து வேலைக்குப் போகிறவருக்கு மென்பொருள்தான், சந்தேகமில்லை. அவருக்கும் ஒன்று சொல்வேன். வெட்டு என்ற பட்டனை அழுத்தும் முன், வரப்போகும் வெட்டுமுகத்தை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அப்போது அதே மென்பொருள் விடைத்தாளாக மாறிவிடுகிறது. ஊகத்துக்குப் பின்னால் வரும்போது அதைவிட வேகமான, பொறுமையான விடைத்தாள் வேறு கிடையாது.

இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு: கோடுகளின் புரொஜெக்‌ஷனுக்கு நாம் ஒதுக்கும் நேரத்தில் நான்கு பீரியடை எடுத்துத் திண்மங்களுக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். முதல் பீரியடுக்கு ஆளுக்கு ஒரு பார் சோப்பும் ஒரு முழம் நூலும் கொண்டுவரச் சொல்கிறேன். டிராஃப்டர் அன்றைக்குப் பையிலேயே இருக்கும். அந்த மாணவி இப்போது மூன்றாம் வருடம். மரப் பிரமிடை அலமாரியில் வைக்காமல் மேசைமேலேயே வையுங்கள் சார் என்று சொன்னது அவள்தான். அது இப்போது அங்கேதான் இருக்கிறது.